மூன்றாம் டேப்பும் நான்காம் டேப்பும்

ஒரு மணி நேர டேப்பைக் கணினியில் ஏற்ற ஒரு மணி நேரம் ஆகும், வக்கீலம்மா. அதைக் குறைக்க வழியே கிடையாது. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு இது புரிவதில்லை. படத்தை இங்கிருந்து அங்கே இழுத்துப் போட்டுப் பழகியவர்கள். டேப் ஓட வேண்டும். ஓடினால்தான் அதில் இருப்பது வெளியே வரும். திருவிழா ஒரு மணி நேரம் நடந்திருந்தால் நீங்களும் ஒரு மணி நேரம் உட்கார்ந்துதான் ஆக வேண்டும்.

உங்கள் போனைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். மின்விசிறிக் காற்று நேராகப் பட்டால் பதிவில் இரைச்சல் வரும். அங்கே இருக்கட்டும், சரி.

மூன்றாம் டேப் எட்டு இருபதுக்கு முடிகிறது, அடுத்து ஓடிய நான்காம் டேப் எப்படி ஏழு நாற்பத்தொன்றுக்குத் தொடங்கும் என்று கேட்டீர்கள். நல்ல கேள்வி. பதினெட்டு வருஷமாக யாரும் கேட்கவில்லை. அதற்கு வருகிறேன். எதையும் வரிசையாகச் சொன்னால்தான் எனக்குச் சரியாக வரும்.

என் பெயர் தவுரினோ ஹிமேனெஸ். வயது ஐம்பத்தெட்டு. எங்கள் ஊர் சான் மெல்ச்சோரின் திருவிழாவை இருபது வருஷம் படம் பிடித்தவன். லாஸ் ஏஞ்சலிஸில் பாத்திரம் கழுவப் போன எங்கள் ஆட்கள் கையில் விசாக் காகிதம் இல்லாமல் எல்லை தாண்டிப் போனவர்கள். நினைத்தபோது திரும்பி வர முடியாது. அவர்கள் தங்கள் தாயின் முகத்தைப் பார்த்ததெல்லாம் என் படத்தில்தான். மூல டேப்புகள் என்னிடம் இருக்காது. திருவிழா முடிந்ததும் கமிட்டியிடம் ஒப்படைக்க வேண்டும், அவை ஊர்ச் சாவடி அலமாரியில் பூட்டப்படும். அது வழக்கம்.

இந்த வருஷம் அந்த அலமாரியில் பூஞ்சை பிடிக்க ஆரம்பித்தது. எல்லா டேப்பையும் கணினியில் ஏற்ற வேண்டும் என்று ஊர்க்கூட்டம் முடிவு செய்தது. எங்கள் ஊரில் ஆளுக்கொரு பொதுவேலை உண்டு, தெக்கியோ என்போம். கூலி கிடையாது, மறுக்கவும் முடியாது. சிலருக்கு வாய்க்கால், சிலருக்கு ரோடு. எனக்கு டேப் வந்தது. பழைய கேமராவும், அதை இணைக்கும் தடித்த கம்பியும், அது நுழையும் துளை உள்ள கணினியும் என்னிடம் மட்டும்தான் இருந்தன.

கமிட்டியின் இந்த வருஷச் செயலாளர் ஸெனாய்டா. உங்கள் கட்சிக்காரர் அபுண்டியோவின் தங்கை. டேப்புகள் ஊர்ச் சொத்து என்பதால் அவை ஓடும்போது கமிட்டி ஆள் ஒருவர் கூடவே இருக்க வேண்டும். அவள் தினமும் காலை ஒன்பதுக்கு ஒரு தாம்பாளம் நிறைய மக்காச்சோளக் கதிரோடு வருவாள். நான் டேப் போடுவேன், அவள் சோளம் உதிர்ப்பாள்.

பழைய டேப்பை எடுத்ததும் ஓட்டக் கூடாது. முதலில் கடைசிவரை வேகமாகச் சுற்றி, திரும்பப் பின்னால் சுற்ற வேண்டும். பல வருஷம் அசையாமல் கிடந்தால் அடுக்குகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும், சுற்றினால்தான் தளரும். பிறகு முதுகில் இருக்கும் சின்னத் தாழ்ப்பாளைத் தள்ளிவிட வேண்டும். இல்லையென்றால் ஒரு பொத்தான் மாற்றி அமுக்கினால் பழைய படத்தின் மேலேயே புதிய படம் பதிந்துவிடும். இதையெல்லாம் அவளுக்குச் சொல்லிக்கொண்டே செய்தேன். அவள் நன்றாகக் கேட்பாள். கேட்கும் ஆள் கிடைத்தால் எனக்கு நேரம் போவது தெரியாது.

"எல்லாம் சரிண்ணே. இது எந்த நாளு, எத்தன மணின்னு எப்படித் தெரியும்? டப்பா மேல சும்மா மூணு, நாலுன்னுதான எழுதியிருக்க?"

"படத்துக்குள்ளயே இருக்கு."

"எங்க? எனக்கு ஒண்ணும் தெரியலயே."

"ஒளிஞ்சிருக்கு. ஒவ்வொரு படத்தோடயும் தேதியும் மணியும் சேந்தே பதியும். கண்ணுக்குத் தெரியாது. கேட்டாத்தான் காட்டும்."

"அப்ப கேளு."

ரிமோட்டில் அந்தப் பொத்தானை அமுக்கினேன். திரையின் மூலையில் எண்கள் வந்தன. ஸெனாய்டா சோளத்தைக் கீழே வைத்தாள்.

"அடேயப்பா. பொண்டாட்டி மாதிரில்ல எல்லாத்தையும் ஞாபகம் வச்சிருக்கு" என்றாள்.

சிரித்தோம். அன்றிலிருந்து ஒவ்வொரு டேப்பின் முதல் மணியையும் கடைசி மணியையும் அவள் ஒரு நோட்டில் எழுதினாள். அந்த நோட்டுதான் இப்போது உங்கள் மடியில் இருக்கிறது. நான் தடுத்திருக்கலாம். பொத்தான் வேலை செய்யவில்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அது வேலை செய்தது.

இனி நேரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீங்கள் நகரத்தில் வளர்ந்தவர், வயதும் குறைவு. இப்போது எல்லாக் கடிகாரமும் ஒன்றுபோல ஓடுகிறது. அப்போது அப்படி இல்லை. ஏப்ரல் வந்தால் அரசாங்கம் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளும், அக்டோபரில் பின்னே இழுக்கும். எங்கள் ஊர் அதை ஏற்கவில்லை. சூரியனும் மாடும் அரசாங்கத்தைக் கேட்டு நடப்பதில்லை என்றார்கள். கோயில் மணி பழைய கணக்கில்தான் அடித்தது. அதற்குக் கடவுள் நேரம் என்று பெயர். மற்றது அரசாங்க நேரம். பள்ளிக்கூடம், அரசு மருத்துவமனை, தொலைபேசி பூத் மூன்றும் அரசாங்க நேரம். மீதி ஊர் முழுக்கக் கடவுள் நேரம். மருத்துவமனையில் ஐந்து என்றால் கோயிலில் நான்கு. யாரும் குழம்பியதில்லை, ஊருக்குள் இருக்கும்வரை.

இரண்டாயிரத்து ஐந்து ஆகஸ்ட் திருவிழாவில் எங்கள் ஊர்க்காரன் லூசியோ செத்தான். ஆறு வருஷம் கழித்து லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து வந்திருந்தான். பூத்திலிருந்து அங்கே பேசியிருக்கிறான். பேச்சு நான்கு ஐம்பத்திரண்டுக்கு முடிந்தது என்று தொலைபேசிக் கம்பெனியின் தாள் சொன்னது. உடம்பை ஊர் ஓரத்துப் பள்ளத்திலிருந்து ஏழு மணிக்கு எடுத்தார்கள். செத்து இரண்டு மணி நேரம் இருக்கும் என்று அரசு டாக்டரம்மா எழுதினார். ஆக, ஐந்து மணி. இரண்டும் அரசாங்க நேரம்.

அபுண்டியோ வாத்தியக் குழுவில் பெரிய முரசில் தாளம் அடிப்பவர். காளை ஏறும் விளையாட்டுக்கு முழு ஊரும் கூடியிருந்தது. அவர் எழுந்து பள்ளத்துப் பாதையில் போனதைப் பலர் பார்த்தார்கள். எத்தனை மணிக்கு என்று விசாரித்தபோது எல்லாரும் ஒரே குரலில், நான்கரை இருக்கும் என்றார்கள். உண்மையைத்தான் சொன்னார்கள். அவரைக் காப்பாற்றும் எண்ணத்தோடுதான் சொன்னார்கள். அதுவரை அவர் எங்கள் கண் முன்னாலேயே தாளம் அடித்தார், ஓர் அடிகூடத் தப்பவில்லை என்றார்கள். நகரத்து எழுத்தர் நான்கரை என்று எழுதிக்கொண்டார். எந்த நான்கரை என்று கேட்கவில்லை. எங்கள் ஆட்களுக்கும் சொல்லத் தோன்றவில்லை. தங்கள் ஊர் மணியை யார் விளக்குவார்கள்? அது அரசாங்க நேரத்தில் ஐந்தரை. லூசியோ செத்து அரை மணி நேரம் ஆகியிருந்தது. ஆனால் காகிதத்தில், நான்கரைக்கு அபுண்டியோ கிளம்புகிறார், ஐந்துக்கு லூசியோ சாகிறான். அழகாகப் பொருந்திவிட்டது.

என் டேப்பையும் கேட்டார்கள். ஐந்தாவதையும் ஆறாவதையும் கொண்டுபோய் ஓட்டிக் காட்டினேன். ஐந்தாவதில் மூலையில் இருக்கும் மணி நான்கு முப்பத்தாறு ஆகும்போது அபுண்டியோ முரசுக் குச்சியைக் கீழே வைத்துவிட்டு எழுகிறார்.

"இந்த நேரம் சரியானதுதானா?" என்று அரசு வக்கீல் கேட்டார்.

"சரிதான் ஐயா."

எங்கள் ஊரில் அது சரியான நேரம்தான். எந்த நேரம் என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அபுண்டியோவுக்கு முப்பது வருஷம் தண்டனை கொடுத்தார்கள். போன மாதம் சர்க்கரையால் அவருடைய இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டதாக ஸெனாய்டா சொன்னாள். அன்று அவள் சோளம் உதிர்க்கவில்லை.

அவர் எதற்காக அந்தப் பாதையில் போனார் என்றும் சொல்ல வேண்டும். காலையில் இரண்டு பேருக்கும் சண்டை. மூன்றாம் டேப்பின் கடைசியில் இருக்கிறது, பார்த்திருப்பீர்கள். சமையல் கொட்டகையில் பெண்கள் சோள மாவை இலையில் வைத்துத் தமாலே கட்டிக்கொண்டிருக்கிறார்கள். லூசியோ வெள்ளை ஷூ போட்டுக்கொண்டு உள்ளே வருகிறான்.

"தள்ளி நில்லுடா அமெரிக்காக்காரா, ஷூவுல மாவு ஒட்டிக்கப் போகுது!" என்கிறாள் ஒருத்தி.

அபுண்டியோ சிரிக்கிறார். "டேய் லூசியோ, உன் அடுப்படிக் கூரைய ரெண்டு தடவ மேஞ்சவன் நான். ஒரு பீராவது வாங்கிக் குடுடா."

"கூரைக்கு மட்டுந்தான் ஏறினியா?"

மாவு தட்டிய கைகள் நின்றுவிடுகின்றன.

"இன்னொரு தடவ அப்படிச் சொன்ன, பள்ளத்துல உருட்டி விட்டுருவேன்" என்கிறார் அபுண்டியோ.

நாற்பது பேர் கேட்டார்கள். அதனால் கோர்ட்டுக்கு மூன்றாம் டேப் தேவைப்படவில்லை. மத்தியானத்துக்கு மேல் அவருக்கு மனசு கேட்கவில்லை. ஒரு மெஸ்கால் சாராயப் பாட்டிலை எடுத்துக்கொண்டு லூசியோவைத் தேடிச் சமாதானம் பேசப் போனார். அந்தப் பாட்டிலைப் பள்ளத்து ஓரத்தில் கண்டெடுத்து அதையும் சாட்சியாக வைத்தார்கள்.

லூசியோவுக்கு ஏன் அந்தச் சந்தேகம் வந்தது? அதில் என் பங்கு கொஞ்சம் உண்டு.

திருவிழாப் படத்தோடு ஒவ்வொரு வீட்டுச் செய்தியையும் தனி டேப்பில் பிடித்து அனுப்புவேன்; அந்த டேப்புகள் கமிட்டிக்குப் போகாது, என்னிடமே இருக்கும். மனைவிகள் கேமரா முன் நின்று பேசுவார்கள். லூசியோவின் மனைவி ஹெர்மெலிண்டா பேசுவாள். லாஸ் ஏஞ்சலிஸுக்குப் போகும் டேப்பில் இடம் குறைவு; எல்லாருடையதையும் வெட்டித்தான் சேர்க்க வேண்டும். அவள் சொன்னது இது: "லூசியோ, அடுப்படிக் கூரை ஒழுகுது. அதுக்காகக் காசு அனுப்ப வேணாம். நீ வந்தாப் போதும். எனக்கு ஒம்மேல கோவம் இல்ல." நான் அனுப்பியது இது: "லூசியோ, அடுப்படிக் கூரை ஒழுகுது."

அவ்வளவுதான். ஒரு சொல்லைக்கூட நான் சேர்க்கவில்லை. அடுத்த வருஷமும் அப்படியே. ஆறு வருஷம். வெட்டும் வேலையில் ஒரே வரியை ஐம்பது முறை ஓட்ட வேண்டியிருக்கும், எந்தப் படத்தில் மூச்சு முடிகிறது என்று பார்ப்பதற்காக. நீ வந்தாப் போதும் என்று ஒரு குரல் ஐம்பது முறை உங்களிடம் சொன்னால், அது வேறு யாருக்கோ என்று நினைப்பது கஷ்டம். அந்த வருஷங்களில் நான் அவள் வீட்டுக்கு ஒரு முறைகூடத் தப்பாகப் போனதில்லை. கூரையை மேய்ந்ததும் நான் இல்லை.

லூசியோ வந்த பிறகு புருஷனும் பெண்டாட்டியும் பேசியிருக்கிறார்கள். அவள் வருஷா வருஷம் கூப்பிட்டேன் என்றாளாம். அவன் ஒருமுறைகூடக் கேட்டதில்லை என்றானாம். இரண்டில் ஒருவர் பொய் சொல்ல வேண்டும். அவள்தான் என்று அவன் முடிவு கட்டியிருந்தான். அதனால்தான் அபுண்டியோவோடு சண்டை. வெட்டாத டேப்பைப் பார்த்தால் போதும், அவள் பொய் சொல்லவில்லை என்று தெரிந்துவிடும்.

கேமராவை முக்காலியில் மாட்டிவிட்டால் அதற்கு ஆள் தேவையில்லை, வக்கீலம்மா. டேப் தானாகவே அறுபது நிமிஷம் ஓடும். ஐந்தாம் டேப் முழுக்க ஒரே கோணம்: வாத்தியக் குழு, பின்னால் காளைத் தொழுவத்தின் வேலி. ஆடவே ஆடாது. ஆறாம் டேப் கையில் பிடித்தது. காளையோடு ஓடுகிறது, மூச்சு வாங்குகிறது, என் குரல் கேட்கிறது: லாஸ் ஏஞ்சலிஸில் இருக்கும் மார்த்தினெஸ் குடும்பத்துக்கு வணக்கம், அவங்க அம்மா நல்லாருக்காங்க, பாருங்க கையாட்டுறாங்க. மூலையில் மணி நான்கு நாற்பத்தாறிலிருந்து ஐந்து நாற்பத்தாறு வரை. லூசியோ செத்த ஐந்து மணிக்கு நான் கேமராவும் கையுமாக இருந்தேன் என்று கோர்ட் பார்த்தது. யாரும் என்னிடம் வேறெதுவும் கேட்கவில்லை.

அரசாங்கக் கணக்கில் ஆறாம் டேப் ஐந்து நாற்பத்தாறுக்குத்தான் தொடங்கியது. ஐந்து மணிக்கு ஓடிக்கொண்டிருந்தது முக்காலி மேலிருந்த டேப்.

அதை ஓடவிட்டு நடந்தேன். பூத்துக்கு ஒன்பது நிமிஷம். லூசியோ போனை வைத்துவிட்டு வெளியே வந்தான். என் வீட்டுக்குக் குறுக்குவழி பள்ளத்து ஓரமாகப் போகிறது. அவன் முன்னால் நடந்தான், நான் பின்னால். அந்த மழைக்காலத்தில் ஓரம் இளகியிருந்தது. அவன் ஷூ வழுக்கும் என்று எச்சரிக்கவும் செய்தேன்.

"ஜாக்கிரத மாப்ள, வழுக்கும்."

"விடு மச்சான், இது நான் பொறந்த ஊரு" என்றான்.

இரண்டு கையாலும் தள்ளினேன். கேமரா முக்காலியில் இருந்ததால் இரண்டு கையும் சும்மா இருந்தன. கீழே போய்ச் சேரும்வரை அவன் சத்தம் போடவில்லை. கொஞ்ச நேரம் நின்று கேட்டேன். வாத்தியச் சத்தம் அங்கேவரை வந்தது. அபுண்டியோவின் தாளம் தனியாகத் தெரிந்தது.

திரும்பி வந்து புது டேப் மாட்டினேன்.

மறு வருஷத்துக்கு அடுத்த வருஷம் ஹெர்மெலிண்டாவைக் கல்யாணம் செய்துகொண்டேன். சற்று முன் உங்களுக்குக் காப்பி கொண்டுவந்தாளே, அவள்தான். கூரையை நானே ஓடு போட்டு மாற்றினேன். அவளுக்கு இதெதுவும் தெரியாது. வெட்டாத ஆறு டேப்பும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. நான் எந்த டேப்பையும் அழித்ததில்லை. நேற்று அவற்றையும் ஏற்றிவிட்டேன், ஆறு மணி நேரம் ஆனது. உங்களுக்காகப் பதிந்த இந்தக் கணினி வட்டில் கடைசியில் இருக்கின்றன. அதை அவளுக்குக் காட்ட வேண்டாம். வருத்தப்படுவாள்.

இப்போது உங்கள் கேள்வி. ஊர் ஊராகப் போய்ப் படம் பிடிப்பவன் எந்த ஊர் மணியையும் நம்பக் கூடாது. அதனால் என் கேமரா எப்போதும் அரசாங்க நேரத்தில்தான் இருக்கும். ஒன்றாம் டேப், இரண்டாம் டேப், மூன்றாம் டேப் எல்லாம் அப்படித்தான். அதனால்தான் கோர்ட்டுக்கு அவற்றைக் கொண்டுபோகவில்லை. மூன்றாவது எட்டு இருபதுக்கு முடிந்தது. சண்டை ஓய்ந்து அபுண்டியோ போன பிறகு லூசியோ என்னிடம் வந்தான்.

"மச்சான், நீ புடிச்ச டேப்பெல்லாம் வச்சிருக்கியா? வெட்டாம, முழுசா?"

"இருக்கு. எதுக்கு?"

"ஹெர்மெலிண்டா என்னமோ வா வான்னு கூப்புட்டேங்கிறா. எனக்கு வந்த படத்துல கூரையத் தவுர ஒண்ணுமே இல்ல. பாவம், ஒன்னோட மெஷின்லதான் ஏதோ கோளாறோ என்னமோ. காளை விளையாட்டு ஆரம்பிச்சதும் போன் பேசப் போறேன், அப்பதான் பூத்துல கூட்டம் இருக்காது. பூத்துக் கடிகாரத்துல அஞ்சு மணிக்கு முடிச்சுட்டு ஒன் வீட்டுக்கு வரேன். போட்டுக் காட்டு."

"வா. நானே வந்து கூட்டிட்டுப் போறேன்."

"என் மேல கோவமில்லையே?"

"ஒம்மேல எனக்கென்ன கோவம்."

அவன் என் தோளில் தட்டிவிட்டுத் தமாலே சாப்பிடப் போனான். பூசைக்கு இருபது நிமிஷம் இருந்தது. கோயில் வாசலில் உட்கார்ந்து, நான்காம் டேப்பைப் போட்டேன். பிறகு கேமராவின் கடிகாரப் பட்டியலைத் திறந்தேன். எங்கள் ஆட்கள் எந்த மணியைச் சொல்வார்கள், நகரத்தில் அதை எந்த மணியாக எழுதிக்கொள்வார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். இதுபோன்ற விஷயங்கள் எனக்குச் சீக்கிரம் புரிந்துவிடும். நான்கு முறை அமுக்க வேண்டும், அவ்வளவுதான். எட்டு நாற்பது ஏழு நாற்பது ஆனது. ஒரு நிமிஷம் கழித்துப் பதிவை ஆரம்பித்தேன். ஆறாம் டேப் முடிந்ததும் திரும்பப் பழையபடி வைத்துவிட்டேன். ஏழாவதிலிருந்து எல்லாம் ஒழுங்காக இருக்கும், நோட்டில் பாருங்கள்.

அபுண்டியோவை நான் மாட்டிவிடவில்லை. அவருடைய பெயரை எங்கும் சொன்னதே இல்லை. அவர் அந்த நேரத்தில் எழுந்து போகாமல் இருந்திருந்தால் போதும்.

முன்கூட்டித் திட்டமிட்டுச் செய்தேன் என்று எழுதுங்கள். படித்துப் பார்த்து ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போடுகிறேன், அடுத்த மாத விசாரணைக்கு உங்களுக்கு அது போதும். ஒன்றை மட்டும் சரியாக எழுத வேண்டும், வக்கீலம்மா. கேமராவில் பொய் நேரம் வைத்ததாக எழுதிவிடாதீர்கள். நான் வைத்தது கடவுள் நேரம்.